சமையலறை வாசல்படியில் பிரெஞ்சு

கவலைப்படுவதில் என்னை மிஞ்ச எங்கள் வகையறாவில் ஆள் கிடையாது. பஸ் வருவதற்கு முன்பே, அது வராமல் போனால் என்ன செய்வது என்று யோசித்து முடித்திருப்பேன். அப்படிப்பட்ட நான், என் மகளின் படிப்பு விஷயத்தில் மட்டும் பத்து வருடம் எதையும் யோசிக்காமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதற்கெல்லாம் சேர்த்து வைத்து இரண்டு வருடம் கவலைப்பட்டேன்.

அப்போது நாங்கள் ஜூஜுவாடியில் இருந்தோம். என் கணவருக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் வந்து, ஒன்றில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தார். எட்டு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த லைன் வீட்டில் மூன்றாவது எங்களுடையது. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். எங்களுக்கு அந்த எல்லை என்பது லாரிகள் வரிசையாக நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். ஓசூருக்குப் போவதைவிட அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போவது சுலபம். காய்கறி வாங்குவது அங்கே, டாக்டர் அங்கே, மகளுக்கு ஐந்து வயதானபோது பள்ளிக்கூடமும் அங்கே. ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே பச்சைப் பிள்ளையை ஓசூருக்கு ஏன் அனுப்ப வேண்டும்? லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அத்திப்பள்ளிக்குத்தான் போயின. அங்கே ஆங்கிலமும் கன்னடமும் சொல்லித் தந்தார்கள். தமிழ் இல்லை. இல்லாவிட்டால் என்ன, வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தானே பேசுகிறோம், அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

அவள் பத்தாவது முடித்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. தமிழ்நாட்டில் நர்சிங் சீட் வேண்டுமென்றால் கடைசி இரண்டு வருடமாவது இந்தப் பக்கம் படித்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் யாரோ சொல்ல, என் கணவர் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, தமிழில் நாலு வரி எழுதச் சொன்னார். என் மகள் தன் பெயரை எழுதினாள். அப்பா பெயரை எழுதினாள். அப்புறம் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பஸ் போர்டு படிப்பாளுங்க" என்றேன். எனக்கே அது அசட்டுத்தனமாக இருந்தது.

"பஸ் போர்டு படிச்சா பப்ளிக் பரீட்சை எழுத முடியாதும்மா" என்றார் அவர். "எங்ககிட்ட கன்னடம் எடுக்க டீச்சர் இல்ல. பிரெஞ்ச் இருக்கு. அதுல எல்லாருமே அனா ஆவன்னாவுல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. ஆனா ஒண்ணு, மத்த பாடத்துல எவ்ளோ வாங்கினாலும் மொழிப்பாடத்துல போச்சுன்னா பிளஸ் டூவே போச்சு. பாத்துக்குங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் மகள் சிரித்தபடி வருகிறாள், நான் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன். பிரெஞ்சில் தோற்றால் நர்சிங் இல்லை. நர்சிங் இல்லையென்றால் பிளஸ் டூ பெயிலான பெண்ணாக வீட்டில் இருப்பாள். ஊரிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜாதகத்தோடு வந்துவிடுவார்கள். இத்தனைக்கும் காரணம் அவள் இல்லை, கிட்டத்தில் இருக்கிறது என்று எல்லை தாண்டி அனுப்பிய நான்.

"புள்ள மூணு பாஷ பேசுது. நாலாவது என்னா பெரிய விஷயம்?" என்றார் என் கணவர்.

"மூணும் அவ படிச்சா கத்துகிட்டா? தெருவுல வந்து ஒட்டிகிச்சு. பிரெஞ்ச்காரன் என்னா நம்ம தெருவுலயா குடியிருக்கான்?" என்று கத்தினேன். அவர் பி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். கோபத்தில் சொன்னாலும் நான் சொன்னதில் விஷயம் இருந்தது. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. யார் வீட்டு வாசலில் நிற்கிறோமோ அந்த வீட்டுப் பாஷையில்தான் பேச வேண்டும். முதல் வீட்டுக்காரம்மாவிடம் கன்னடம். பக்கத்து வீட்டில் தெலுங்கு, அங்கே போய் ஒரு பிடி கறிவேப்பிலை கேட்டாலும் தெலுங்கில்தான் கேட்போம். கடைசி வீட்டில் மதுரைக்காரர்கள், அவர்களுடைய தமிழும் எங்களுக்குப் பாதி வேறு பாஷைதான். என் மகள் ஆறு வயதுக்குள் இப்படியே எட்டு வாசலும் ஏறி இறங்கி மூன்று பாஷையும் பேசினாள். ஆக, பிரெஞ்சுக்கு ஒரு வாசல் இல்லாததுதான் குறை என்று முடிவு செய்தேன். வாசல்தானே, உண்டாக்கிவிட்டால் போயிற்று.

எங்கள் சமையலறைக்கு முன்னால் ஒரு சிமெண்டுப் படி இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வந்தால் பிரெஞ்சு மட்டும்தான் என்று அறிவித்தேன். டப்பா, குடம், அடுப்பு, கதவு எல்லாவற்றுக்கும் அவளை விட்டே பெயர் எழுதச் சொல்லி, சோற்றுப் பசையால் ஒட்டினேன். இரண்டே நாளில் பசையோடு சேர்த்துப் பாதிப் பிரெஞ்சைக் கரப்பான்பூச்சிகள் தின்றன. மறுபடி எழுதி ஒட்டினேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், ஆங்கில எழுத்து தெரியும் என்பதால் அவளுடைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர் வேண்டுமென்றால் பிரெஞ்சில் கேட்க வேண்டும். தோசை வேண்டுமென்றால், தோசைக்குப் பிரெஞ்சு கிடையாது என்பதால், "எனக்குப் பசிக்கிறது, தயவுசெய்து கொடுங்கள்" என்று முழு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்ல வேண்டும். நான் புத்தகத்தைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தோசை.

முதல் வாரம் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. இரண்டாவது வாரம் தண்ணீரை வெளியே பானையிலிருந்து எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். அப்புறம் தோசை இரண்டு போதும் என்றாள். நான் விடவில்லை. அவள் தயங்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் அந்தத் தலைமையாசிரியையின் குரல் கேட்கும். உடனே என் குரல் ஏறிவிடும். "இதுகூட வரலன்னா பரீட்சையில என்னாடி எழுதுவ?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு வைத்திருந்தேன். அவளுக்கு உயிர். வாசனைக்கு வந்துவிடுவாள், இன்று நாலு வாக்கியமாவது வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண் மெதுவாக எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, பாப்பா எங்க வூட்ல சாப்ட்டுச்சு. ரசம் சோறுதான். திட்டாதீங்க அக்கா."

கறிக்குழம்பை விட்டுவிட்டு என் பிள்ளை அடுத்த வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டிருக்கிறாள். ஏன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தையும் கோபமாக்கி அவள் மேலேயே கொட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காலாண்டுப் பரீட்சையில் பிரெஞ்சில் பதினெட்டு வாங்கினாள். மற்ற பாடங்களில் எல்லாம் எழுபதுக்குக் குறைவில்லை. பிரெஞ்சு டீச்சர் வாரத்தில் மூன்று நாள் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். என்னை வரச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன கெஞ்ச வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். என்னைவிட வயதில் சின்னவர். சுடிதார் போட்டிருந்தார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வீட்ல யாரு பிரெஞ்ச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார்.

"யாருக்குங்க தெரியும்? நான்தான் புக்கைப் பாத்துகிட்டு கேள்வி கேப்பேன்" என்றேன் பெருமையாக.

"நெனச்சேன். நான் ஒரு கேள்வி கேட்டா உங்க பொண்ணு பதில் யோசிக்கறதில்ல. என் மூஞ்சிய பாக்குது. கோபம் வருதா வரலயான்னு பாக்குது. அப்புறம் தெரிஞ்சதும் மறந்து போகுது." கொஞ்சம் நிறுத்தி, "கன்னடம் எப்படிம்மா கத்துக்கிச்சு?" என்றார்.

நான் எங்கள் வாசல் வழக்கத்தைச் சொன்னேன்.

"அந்த வீட்டம்மா எல்லாம் தப்புத் தப்பா பேசுனா கறிவேப்பில குடுக்க மாட்டேன்னு சொன்னாங்களா?"

முதல் வீட்டுக் கன்னடக்கார அம்மா என் மகளின் உளறலைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தானே சரியாகச் சொல்லுவார். திரும்பச் சொல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வாசலைப் பிடித்தேன், அந்த அம்மாவை விட்டுவிட்டேன்.

டீச்சர் எனக்கு நாலு விஷயம் சொன்னார். மணிக்கணக்கில் பிடித்து வைக்காதீர்கள், தினமும் பத்து நிமிடம் போதும். படித்ததை வாய்விட்டுப் படிக்கட்டும். அன்றைக்கு நடந்ததை மூன்றே வரி பிரெஞ்சில் எழுதட்டும், அதில் எத்தனை தப்பு இருந்தாலும் நான் ஒன்றைத்தான் திருத்துவேன், நீங்கள் ஒன்றையும் திருத்தாதீர்கள். கடைசியாக, "நீங்க கேள்வி கேக்க வேணாம்மா. நீங்க கத்துக்குங்க. அது உங்களுக்குச் சொல்லித் தரட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறைப் படியில் மகளை உட்கார வைத்தேன். நான் கீழே தரையில் உட்கார்ந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லிக் குடு" என்றேன். அவள் நம்பவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல் பார்த்தாள். நான் குடத்தைக் காட்டி, தண்ணீருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "லோ" என்றாள் மெதுவாக. நான் சொன்னேன். அது சரியாக வரவில்லைபோல. அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறாள். சர்க்கரையைக் கேட்டேன். அதை நான் சொன்ன விதத்தில் அவளால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கியதாகச் சொல்லிக்கொண்டேன்.

நான் நிஜமாகவே மக்கு மாணவி. நேற்றுச் சொன்னது இன்று மறந்துவிடும். அவளும் என் மகளாயிற்றே, சும்மா விடுவாளா? "இதுகூட வரலன்னா எப்பிடிம்மா?" என்று என் குரலிலேயே மிரட்டுவாள். எனக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே முந்தின பாடத்தைத் திரும்பப் பார்ப்பாள். நான் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால் அடுத்த நாள் டீச்சரிடம் கேட்டு வருவாள். பக்கத்து வீட்டுப் பெண்கூட "போன்ஜூர் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மகள் மூன்று வரி எழுதுவது ஐந்து வரியானது. குழாயடியில் குடம் உருண்டது, மதுரைக்காரர் வீட்டுக் கோழி காணாமல் போனது, என் கணவர் லுங்கியைத் திருப்பிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனது எல்லாம் பிரெஞ்சில் ஏறின.

அதற்காக என் கவலை போய்விட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். அரையாண்டில் நாற்பத்தொன்று வந்தபோது, இது தங்குமா என்று கவலை. ஐம்பது தாண்டியபோது, பப்ளிக் பரீட்சையில் வேறு யாரோ திருத்துவார்களே என்று கவலை. வெளியே காட்டாமல் இருக்கத்தான் பழகிக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பழைய ஆளாகவே இருந்தேன். பிளஸ் டூ படிக்கும்போது அவள் கடைசி வீட்டிலிருந்து ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வாங்கி வந்து, தொடர்கதையை விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். "வூட்டுக்கு வூடு இதத்தான் பேசறாங்கம்மா, எனக்கு மட்டும் கத தெரியல" என்றாள். நான் வெடுக்கென்று பிடுங்கினேன்.

"இப்ப போய் இத ஆரம்பிச்சா எல்லாம் கலந்துடும். மொதல்ல பிரெஞ்ச் முடியட்டும். தமிழ் எங்க போவப் போவுது, அப்புறம் படிச்சுக்கலாம்."

அவள் என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கிக் கடைசி வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிரெஞ்சுப் பரீட்சை அன்று அவளோடு நானும் போனேன். ஹால் டிக்கெட்டை மூன்று தடவை எடுத்துப் பார்த்து மூன்று தடவை உள்ளே வைத்தேன். பள்ளிக்கூடச் சுவரோரம் வேப்பமர நிழலில் மூன்று மணி நேரம் நின்றேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. உள்ளே அவளுக்கு எல்லாம் மறந்துபோய்ப் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. அவள் வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். அவள் நிதானமாக ஒரு கொய்யாப்பழம் வாங்கி, மிளகாய்த்தூள் போடச் சொல்லி, பாதியை எனக்குக் கொடுத்தாள்.

"உங்க ஊரப் பத்தி சிநேகிதிக்கு லெட்டர் எழுதச் சொல்லி கேட்டிருந்தாங்கம்மா. நம்ம குழாயடிச் சண்டைய எழுதிட்டேன். பக்கம் பத்தல" என்றாள்.

தேறிவிட்டாள். ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சில் அதிகம். மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு எட்டு வாசலும் ஏறினேன், அந்தந்த வாசலில் அந்தந்தப் பாஷையில் சொன்னேன். மதுரையில் நர்சிங் சீட் கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக எனக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

அவளிடமிருந்து வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். சுலபமான ஆங்கிலத்தில், அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவாள். நான் தமிழில் பதில் எழுதுவேன். எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வீட்டில் அவள் இல்லாமல் எனக்குப் பேச ஆள் இல்லை. நேரில் சொல்ல வராததெல்லாம் எழுத்தில் வந்தது. அந்த வருடம் எனக்கு மாதவிலக்கு நிற்காமல் பத்துப் பதினைந்து நாள் போய்க்கொண்டிருந்தது. அடிவயிற்றில் வலி. ஆஸ்பத்திரி என்றால் எனக்குப் பயம். கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மகளுக்கு எழுதினேன். துணி நனைவதையும், குழாயடியில் ஒரு நாள் மயக்கமாக வந்ததையும், நீ இங்கே இருந்தால் தேவலை என்பதையும் இரண்டு மூன்று கடிதங்களில் எழுதினேன். "உன் மனசோடு வைத்துக்கொள், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று கீழே கோடு போட்டிருந்தேன். அவள் உடனே டாக்டரிடம் போகச் சொல்லி எழுதினாள். அந்தக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு தைரியமாக இருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் அவளைப் பார்க்க மதுரைக்குப் போனேன். ஹாஸ்டல் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய ரூமில் இருக்கும் பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, முகத்தில் அவ்வளவு பிரியம். நான் கொண்டுபோயிருந்த முறுக்கை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, இப்ப ரத்தப்போக்கு நின்னுட்டா? டாக்டர்ட்ட காமிச்சீங்களா? அன்னைக்கு மயக்கம் வந்துச்சுன்னு படிச்சதும் எனக்கே பயமாப் போச்சு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் உள்ளே போன பிறகு மகள் சொன்னாள். "அச்சு எழுத்துன்னா கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் படிச்சிடுவேம்மா. உன் கையெழுத்து எனக்கு ஓடல. அவதான் படிச்சு சொல்லுவா. அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா, நல்லவ."

"எல்லாத்தையுமா படிச்சா?"

"எது எதுல என்னா இருக்குன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அந்தக் கேள்வியை என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள். இத்தனை மாதமும் நான் என் மகளின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதியதையெல்லாம், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை முதலில் படித்து, அப்புறம் அவளுக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. மகளிடம் அங்கேயே எல்லாவற்றையும் நேரில் சொல்லியிருக்கலாம். வராந்தாவில் வருவோர் போவோர் இருந்தார்கள். சாப்பாடெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

ஊருக்கு வந்து அடுத்த வாரம் அவளுக்கு இன்லேண்ட் எழுதினேன். இங்கே எல்லோரும் நலம், மழை பரவாயில்லை, உடம்பு எனக்கு முழுவதும் சரியாகிவிட்டது என்று எழுதினேன். சரியாகியிருக்கவில்லை. ஆனால் அதை முதலில் படிக்கப் போவது என் மகள் இல்லையே.